நிலமும் இனமும்: இறைச்சி மாட்டு வளர்ப்பின் வரலாறு பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

தொல்காப்பியப் பொருளதிகாரம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்து, அந்நிலத்தில் தோன்றி வாழும் மா, மரம், புள் முதலியவற்றைக் கருப்பொருள் என அதன்பின் வைக்கின்றது. இவ்வைப்புமுறை செய்யுள் மரபு பற்றியதே. எனினும், விலங்கை அதன் நிலத்தினின்றும் பொழுதினின்றும் பிரித்து நோக்கலாகாது என்னும் கருத்து இதனுள் அடங்கியிருத்தலைப் புலவர் அறிவர். இக்கருத்தை மறந்து, பெரும்பொருள் இழந்து, பின்னர் மீண்டும் கற்றுக்கொண்டதொரு தொழிலின் வரலாற்றை இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம். அஃது இறைச்சிக்காக மாடு வளர்க்கும் தொழில் ஆகும்.

மென்மையும் சுவையும் மிக்க இறைச்சி தரும் இனம் ஒரு நாட்டில் உருவாகின்றது. அவ்வினத்தை வேறு நிலங்களுக்குக் கொண்டு சென்றால் அதே இறைச்சி கிட்டுமா? கிட்டாது எனின், நிலத்திற்கேற்ற இனத்தை வளர்ப்பதா, இறைச்சிக்கேற்ற இனத்தை வளர்ப்பதா? இவ்விரண்டையும் ஒருங்கே பெறுதல் கூடுமா? இவையே இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பண்ணையாளரும் அறிவியலாரும் எதிர்நோக்கிய வினாக்கள். இறைச்சியின் தரம் விலங்கின் குருதியில் மட்டும் உறைவதன்று. விலங்கிற்கும் நிலத்திற்கும் உள்ள பொருத்தத்தின்கண்ணும் உறைவது என்பதே இவ்வரலாறு தரும் விடை எனக் கருதுகின்றோம். இதனை நிறுவுதற்கு வேண்டும் சான்றுகளைக் காலமுறைப்படி காண்போம்.

உலகில் வளர்க்கப்படும் மாடுகள் பெரும்பாலும் இருபெரும் பிரிவின. ஒன்று, ஐரோப்பா முதலிய நாடுகளில் வாழும் திமிலில்லா இனம். மற்றொன்று, இந்தியாவிலிருந்து பரவிய திமிலுடை இனம். முன்னது மேற்காசியாவில் ஏறத்தாழப் பதினாயிரம் ஆண்டுகட்கு முன்னும், பின்னது சிந்துவெளிப் பகுதியில் அதற்குச் சற்றுப் பின்னும் பழக்கப்பட்டன என்பது இன்றைய ஆய்வாளர் கொள்கை. இவற்றின் காட்டு மூதாதையர் அதற்கும் நெடுங்காலம் முன்னரே பிரிந்துவிட்டமையின், இவ்விரு பிரிவும் உருவால் மட்டுமன்றி உள்ளியல்பாலும் வேறுபட்டன. இவ்வேறுபாடே நம் வரலாற்றின் கரு.

பிரிட்டனில் தோன்றிய அளவுகோல்

பதினெட்டாம் நூற்றாண்டின் இடைப்பகுதி வரை பிரிட்டனில் மாடு முதற்கண் உழவுக்கும் பாலுக்கும் உரியது; முதுமையுற்ற பின்னரே அஃது உணவாயிற்று. நகரங்கள் பெருகவே, இறைச்சிக்கெனத் தனியே மாடு வளர்க்கும் முயற்சி தோன்றியது. லெஸ்டர்ஷயரைச் சார்ந்த டிஷ்லி என்னும் ஊரில் பண்ணை நடத்திய ராபர்ட் பேக்வெல் (1725–1795) இம்முயற்சியின் முன்னோடி. விரைந்து கொழுக்கும் விலங்கைத் தெரிந்தெடுத்து, அதனை அதன் நெருங்கிய உறவோடே இணைத்து, விரும்பிய இயல்பை நிலைபெறச் செய்தல் அவர் கையாண்ட நெறி. அவர் வளர்த்த நெடுங்கொம்பு மாடுகள் நிலைக்கவில்லை. அவர் காட்டிய நெறி நிலைத்தது.

அந்நெறியைப் பின்பற்றி டர்ஹாம் பகுதியில் காலிங் உடன்பிறந்தார் இருவர் குறுங்கொம்பு இனத்தைச் செம்மைப்படுத்தினர். அவர்தம் பொலிகாளையாகிய 'காமெட்' 1810ஆம் ஆண்டில் ஆயிரம் கினி விலைக்கு விற்கப்பட்டது. 1822ஆம் ஆண்டில் ஜார்ஜ் கோட்ஸ் என்பார் அவ்வினத்தின் கால்வழிப் பதிவேட்டை வெளியிட்டார். ஸ்காட்லாந்தில் ஹியூ வாட்சன், வில்லியம் மெக்கோம்பி ஆகியோர் கொம்பில்லாக் கருநிற மாடுகளை வளர்த்து அபர்டீன்–ஆங்கஸ் இனத்திற்கு வடிவு தந்தனர். ஹெர்ஃபோர்ட் வட்டாரத்தில் செந்நிற உடலும் வெண்ணிற முகமும் உடைய இனம் சிறந்தது. 1798ஆம் ஆண்டில் தோன்றிய ஸ்மித்ஃபீல்டு சங்கம் கொழுத்த மாடுகளுக்குப் பரிசளித்து இவ்வளர்ச்சியை ஊக்கியது.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. இவ்வினங்கள் அனைத்தும் குளிர்ந்த, ஈரம் மிக்க, ஆண்டின் பெரும்பகுதி பசும்புல் குன்றாத நிலத்தில் உருவானவை. குளிர்காலத்திற்கென டர்னிப் கிழங்கும் உலர்புல்லும் சேமிக்கப்பட்டன. வெயிலும் வறட்சியும் உண்ணியும் இவற்றை வருத்தவில்லை. ஆகவே, இளமையிலேயே கொழுத்து, மெல்லிய தசையிழையும் அவ்விழைகளினிடையே வரிவரியாகப் படரும் கொழுப்பும் உடைய விலங்கே நல்ல இறைச்சி மாடு என்னும் அளவுகோல் அங்கே எழுந்தது. அவ்வளவுகோல் அந்நிலத்தின் பேறு. அதனைத் தம் இனத்தின் தனிப்பேறு என்று மட்டுமே அப்பண்ணையாளர் கருதினர். ஒரு நிலத்தின் அளவை உலகனைத்திற்கும் உரிய அளவையாகக் கொண்டதே பின்னர் நேர்ந்த இடர்ப்பாடுகளுக்கு அடிப்படையாயிற்று.

கடல் கடந்த இனங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வினங்கள் உலகெங்கும் சென்றன. 1817ஆம் ஆண்டில் ஹென்றி கிளே ஹெர்ஃபோர்ட் மாடுகளை அமெரிக்காவிற்குக் கொணர்ந்தார். 1873ஆம் ஆண்டில் ஜார்ஜ் கிராண்ட் என்பார் கான்சாஸ் மாநிலத்திற்கு ஆங்கஸ் காளைகள் நான்கினைக் கொண்டு சென்றார். ஆஸ்திரேலியாவிலும் தென்னமெரிக்காவிலும் குறுங்கொம்பு மாடுகள் பரவின. 1879ஆம் ஆண்டின் இறுதியில் ஆஸ்திரேலியாவினின்று புறப்பட்ட 'ஸ்ட்ராத்லெவன்' என்னும் கப்பல் உறையவைத்த இறைச்சியோடு 1880ஆம் ஆண்டு பிப்ரவரியில் லண்டன் சேர்ந்தது. அதன்பின், பன்னாயிரம் கல் தொலைவிலிருந்த பண்ணையாளரும் லண்டன் மாநகர உணவு மேசையின் விருப்பத்திற்கேற்பவே மாடு வளர்க்கத் தலைப்பட்டனர்.

குளிர்ந்த நிலங்களில் இம்முயற்சி வெற்றி பெற்றது. வெப்பநிலங்களிலோ நிலமே தடையாயிற்று. தடித்த மயிர்ப்போர்வை உடைய விலங்கு வெயிலில் உடல்வெப்பத்தை வெளியேற்ற இயலாது வருந்தும். வருந்தும் விலங்கு மேய்தலைக் குறைக்கும், நிழலைத் தேடும், அதன் வளர்ச்சி தளரும், கருவுறுதலும் குறையும். இரண்டு ஆண்டில் எய்தவேண்டிய எடையை அது நான்கு ஐந்து ஆண்டில் எய்தும். அவ்வளவு முதிர்ந்த விலங்கின் தசையில் இணைப்பிழைகள் உறுதிப்பட்டுவிடும், இறைச்சி கடினமாகும். ஆகவே, மென்மைக்குப் பெயர்பெற்ற இனமே வெப்பநிலத்தில் மென்மையற்ற இறைச்சியைத் தந்தது. குருதி மாறவில்லை, நிலம் மாறியது, இறைச்சியும் மாறியது.

வெப்பத்தினும் கொடியது உண்ணி. டெக்சாஸிலிருந்து வடக்கே ஓட்டிச்செல்லப்பட்ட மந்தைகள் நலமாகவே தோன்றின. ஆனால் அவை கடந்துசென்ற வழியிலிருந்த வடநாட்டு மாடுகள் காய்ச்சலுற்று மடிந்தன. அக்காய்ச்சலை உண்டாக்கும் நுண்ணுயிரை உண்ணியே பரப்புகின்றது என்பதைத் தியோபால்டு ஸ்மித், கில்போர்ன் ஆகிய இருவரும் 1893ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வால் நிறுவினர். கடித்து வாழும் சிற்றுயிர் ஒன்று நோய்க்கு வாயிலாதல் கூடும் என்பதை மருத்துவ உலகம் தெளிவதற்கு இவ்வாய்வு பெருந்துணையாயிற்று.

ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்தது மேலும் வியப்பிற்குரியது. 1872ஆம் ஆண்டில் அக்காலத்துப் பத்தாவியாவினின்று, அஃதாவது இன்றைய ஜகார்த்தாவினின்று, டார்வின் துறைக்கு வந்திறங்கிய திமிலுடை மாடுகள் சிலவற்றோடு உண்ணியும் வந்தது. அது பரவி 1891ஆம் ஆண்டில் குயின்ஸ்லாந்தை அடைந்தது. அங்கிருந்த பிரிட்டானிய இன மந்தைகள் பேரழிவுக்கு உள்ளாயின. உண்ணியைச் சுமந்து வந்த மாடுகளோ அதனால் பெரிதும் வாடவில்லை. நோயோடு அதற்குரிய மருந்தும் ஒரே கப்பலில் வந்ததை அக்காலத்தார் உணரவில்லை.

நெல்லூர்ப் பெயர் பூண்ட மாடுகள்

அம்மருந்து திமிலுடை இனமே. அதன் தோல் மிகுதியாக வியர்க்கவல்லது. மயிர் குறுகி வழுவழுப்பானது. அலைதாடியும் தளர்ந்த தோலும் உடற்பரப்பை மிகுவிக்கும். உடலினுள் தோன்றும் வெப்பமும் ஒப்புநோக்கக் குறைவு. உண்ணியை எதிர்க்கும் ஆற்றலும் முரட்டுப் புல்லைத் தின்று உயிர்தாங்கும் ஆற்றலும் இதற்கு உண்டு.

1849ஆம் ஆண்டில் தென்கரோலினாவைச் சார்ந்த ஜேம்ஸ் போல்ட்டன் டேவிஸ் இந்தியத் திமில் மாடுகளை அமெரிக்காவிற்குக் கொண்டு சென்றார். 1854ஆம் ஆண்டில் லூயிசியானாவின் ரிச்சர்டு பாரோ என்பார் பிரிட்டானிய அரசினரிடமிருந்து இந்தியக் காளைகள் இரண்டினைப் பெற்றார். 1906ஆம் ஆண்டில் டெக்சாஸிலிருந்த பியர்ஸ் பண்ணைக்கென ஏ. பி. போர்டன் இந்தியாவினின்று நேரே மாடுகளைத் தருவித்தார். குஜராத்தி, நெல்லூர், கிர் முதலிய இனங்கள் கலந்து தோன்றிய கூட்டத்திற்கு 1924ஆம் ஆண்டில் சங்கம் நிறுவியபோது 'பிராமன்' எனப் பெயரிட்டனர். இந்தியாவில் அப்பெயருடைய மாட்டினம் யாண்டும் இல்லை. அஃது அமெரிக்கர் இட்ட பெயர்.

பிரேசில் நாட்டின் வரலாறு நமக்கு இன்னும் நெருக்கமானது. 1868ஆம் ஆண்டில் பாகியா மாநிலத்துச் சால்வடார்த் துறையில் ஓங்கோல் மாடுகள் இரண்டு இறக்கப்பட்டன. 1878ஆம் ஆண்டில் ரியோ டி ஜனேரோவைச் சார்ந்த மனுவேல் லெம்குருபர் ஹாம்பர்க் விலங்குக்காட்சிச் சாலையில் ஓரிணை வாங்கினார். பின்னர் இந்தியாவினின்றே மாடுகள் பல சென்றன. ஓங்கோல் இனத்தை அந்நாட்டார் 'நெலோரே' என வழங்குவர். நெல்லூர் மாவட்டத்தின் பெயரே அங்ஙனம் திரிந்தது. அம்மாவட்டம் 1953ஆம் ஆண்டில் ஆந்திர மாநிலம் அமையும்வரை சென்னை மாகாணத்தின் ஒரு பகுதியாக இருந்தது; பழைய ஆவணங்களில் இம்மாடுகள் 'சென்னை மாகாணத்து நெல்லூர் மாடுகள்' எனக் குறிக்கப்பெறுதற்கும் அதுவே காரணம்.

1938ஆம் ஆண்டில் பிரேசிலில் திமில் இனங்களுக்குக் கால்வழிப் பதிவேடு தொடங்கப்பட்டது. 1960க்கும் 1962க்கும் இடையே சென்ற மாடுகளே அங்குள்ள இனத்தின் இன்றைய வடிவுக்கு வித்தாயின. அவற்றுள் 'கர்வாடி' என்னும் காளையின் கால்வழி பெரிதும் பரவியது. இன்று பிரேசிலில் இருபது கோடிக்கு மேற்பட்ட மாடுகள் உள. அவற்றுள் பெரும்பகுதி நெலோரே குருதி உடையவை. கிருஷ்ணைக்கும் பெண்ணைக்கும் இடைப்பட்ட கடற்கரைப் பகுதியின் உழவர், ஏருக்கும் வண்டிக்கும் எனத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்து பேணிய விலங்கு, அவர் கனவிலும் கருதாத தொழிலுக்கு அடித்தளமாயிற்று.

தகவுக்குக் கொடுத்த விலை

நிலத்திற்கேற்ற விலங்கு கிடைத்தது. சிக்கல் தீர்ந்ததா எனின், இல்லை. திமில் இனத்தின் இறைச்சி, பொதுவாக நோக்குங்கால், திமிலில்லா இனத்தின் இறைச்சியினும் கடினமானது. இதற்குரிய காரணத்தை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே ஆய்வாளர் தெளிந்தனர்.

விலங்கைக் கொன்றபின் அதன் தசை விறைக்கும். பின்னர், தசையிலுள்ள கால்பைன் என்னும் நொதி இழைகளைச் சிறிது சிறிதாக அறுத்து இளக்கும். இறைச்சியைக் குளிரறையில் சில நாள் வைத்திருந்து பின் விற்பதன் நோக்கம் இந்நொதி தன் தொழிலைச் செய்தற்கு இடம் தருதலே. இந்நொதியைத் தடுக்கும் பொருளொன்றும் தசையில் உண்டு. அதனைக் கால்பாஸ்டாட்டின் என்பர். திமில் இனத்தின் தசையில் இத்தடைப்பொருளின் செயல் மிகுதி. ஆதலின் இழைகள் இளகுதல் தாமதப்படுகின்றது, மென்மையும் குறைகின்றது. இதனோடு, திமில் இனம் காலந்தாழ்த்தே பருவமெய்தும். தசைக்குள் வரிக்கொழுப்பும் குறைவாகவே படரும். வரிக்கொழுப்பைக் கொண்டு இறைச்சியைத் தரம் பிரிக்கும் அமெரிக்க முறையில் இவ்வினம் பின்தங்குதற்கு இதுவே காரணம்.

ஆயினும் எல்லாப் பழியையும் குருதியின்மேல் ஏற்றுதல் முறையன்று. நியூசிலாந்து ஆய்வாளர் லாக்கர் 1960ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, விறைக்கும் நேரத்தில் தசை எவ்வளவு சுருங்குகின்றதோ அவ்வளவு கடினமாகின்றது எனக் காட்டியது. கொன்ற உடலை விரைந்து குளிர்வித்தால் தசை மிகச் சுருங்கும் என்பதும் அடுத்த சில ஆண்டுகளில் தெளிவாயிற்று. புல்மட்டும் மேய்ந்து வளர்ந்த விலங்கின் மேற்கொழுப்பு மெல்லியது. அதன் உடல் குளிரறையில் விரைந்து குளிரும். எனவே, வெப்பநிலத்து மாட்டின் கடினம் ஓரளவு பிறப்பினால் வருவது. ஓரளவு மேய்ச்சலினால் வருவது. ஓரளவு கொலைக்களத்தில் வருவது. இம்மூன்றையும் பிரித்தறிந்த பின்னரே தீர்வு காணும் வழி திறந்தது.

மூன்று விடைகள்

பிறப்பினால் வரும் கடினத்தைக் குறைக்கப் பண்ணையாளர் கண்ட வழி இருவகை இனத்தையும் கலத்தல். ஆனால் எவ்வளவு கலப்பது என்பதே வினா. இதற்கு மூன்று நாடுகள் தந்த விடைகள் ஒப்புநோக்கத் தக்கன.

முதலாவது, தென்டெக்சாஸில் உள்ள கிங் பண்ணையின் விடை. அங்கே குறுங்கொம்பு இனத்தோடு பிராமன் இனத்தைக் கலந்தனர். 1920ஆம் ஆண்டில் பிறந்த 'மங்கி' என்னும் செந்நிறக் காளை அவர் விரும்பிய இயல்பெல்லாம் உடையதாக அமைந்தது. அதன் வழித்தோன்றல்களை நெருங்கிய உறவிலேயே இணைத்துச் சாண்டா கெர்ட்ரூடிஸ் என்னும் இனத்தை நிலைநாட்டினர். அமெரிக்க வேளாண்துறை 1940ஆம் ஆண்டில் இதனைத் தனியினமாக ஏற்றது. இதில் எட்டில் மூன்று பங்கு பிராமன். எட்டில் ஐந்து பங்கு குறுங்கொம்பு. பேக்வெல் குளிர்நிலத்தில் கையாண்ட நெறியே ஈண்டு வெயில்நிலத்திற்குப் பயன்பட்டது.

இரண்டாவது, தென்னாப்பிரிக்காவின் விடை. யான் போன்ஸ்மா என்னும் அறிஞர் லிம்போபோ ஆற்றிற்கு அணித்தான மெசினா, மாரா ஆகிய ஆய்வுநிலையங்களில் 1937ஆம் ஆண்டு முதல் ஆய்ந்தார். ஐரோப்பிய மாடுகள் அவ்வெப்பத்தில் குன்றுதலை உடல்வெப்பம், மயிர்ப்போர்வை, எடை, கன்று ஈனும் முறை ஆகியவற்றை அளந்து நிறுவினார். பின்னர் ஆப்பிரிக்கானர் இனத்தை எட்டில் ஐந்து பங்கும் ஹெர்ஃபோர்ட், குறுங்கொம்பு ஆகியவற்றை எட்டில் மூன்று பங்கும் கலந்து புதிய இனம் படைத்தார். அவர் பெயரும் மாரா என்னும் இடப்பெயரும் இணைந்து 'போன்ஸ்மாரா' ஆயிற்று. ஒரு மனிதன் பெயரும் ஒரு நிலத்தின் பெயரும் கூடி ஓரினத்தின் பெயராயது நம் பொருளுக்கு மிக இயைவதொன்று.

போன்ஸ்மா தெரிந்துகொண்ட ஆப்பிரிக்கானர் இனம் கொய்கொய் மக்கள் வளர்த்த மாடுகளின் வழிவந்தது. திமில் உடையதேனும் இந்தியத் திமில் இனத்தின் நேர்வழியன்று. ஆப்பிரிக்க மண்ணில் நெடுங்காலம் கலந்து உருவான சங்கா என்னும் பிரிவைச் சார்ந்தது. சங்கா மாடுகள் வெப்பத்தைத் தாங்குவன, இறைச்சியோ மென்மையானது. பின்னாளில் நெப்ராஸ்கா மாநிலத்துக் கிளே சென்டரில் உள்ள அரசு ஆய்வுநிலையம் சங்காவின் மற்றொரு கிளையாகிய தூலி இனத்தின் கலப்பு மாடுகளையும் பிராமன் கலப்பு மாடுகளையும் ஒப்பிட்டது. தூலிக் கலப்பின் இறைச்சி, ஹெர்ஃபோர்ட் ஆங்கஸ் இனங்களின் இறைச்சியை ஏறத்தாழ ஒத்த மென்மை உடையதாக இருந்தது. வெப்பத்தைத் தாங்கும் தகவும் இறைச்சியின் கடினமும் பிரிக்கவியலாதவை அல்ல என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

மூன்றாவது, ஆஸ்திரேலியாவின் விடை. 1933ஆம் ஆண்டில் அந்நாட்டு அறிவியல் ஆராய்ச்சி மன்றமும் குயின்ஸ்லாந்துப் பண்ணையாளர் சிலரும் கூடி டெக்சாஸிலிருந்து பிராமன் மாடுகளைத் தருவித்தனர். பிரிட்டானிய இனங்களையே பெருமையாகக் கொண்டோர் இதனை விரும்பவில்லை. எனினும், உண்ணியும் வறட்சியும் நீடித்தமையின் வடபகுதியில் திமில் இனம் காலப்போக்கில் மேலோங்கியது. 1950களில் ராக்ஹாம்ப்டன் நகருக்கு அணித்தான பெல்மான்ட் ஆய்வுநிலையத்தில் ஆப்பிரிக்கானரையும் ஹெர்ஃபோர்ட் குறுங்கொம்புக் கலப்பையும் இணைத்து ஆராய்ந்தனர். அதன் பயனாகப் பெல்மான்ட் ரெட் என்னும் இனம் தோன்றியது.

ஜப்பானின் வழி இம்மூன்றினும் வேறானது. அந்நாட்டுக் கருமாடு மலையிடைப் பள்ளத்தாக்குகளில் ஏர் உழுதது. மெய்ஜி ஆட்சிக்குப் பின்னரே இறைச்சிக்கென அதனைத் தெரிந்தெடுத்தனர். 1939ஆம் ஆண்டில் பிறந்த 'தாஜிரி' என்னும் காளையே இன்றைய ஜப்பானியக் கருமாடுகள் ஏறத்தாழ அனைத்திற்கும் மூதாதை. அங்கே விலங்கைக் கொட்டிலில் நிறுத்தித் தவசத்தீனி ஊட்டி நிலத்தையே விலங்கிற்கேற்ப மாற்றினர். வரிக்கொழுப்பு ஒப்பற்றதாயிற்று. அதற்கு ஈடாகச் செலவு மிக்கது, மரபுவழியும் குறுகியது.

அறிஞர் இடையே எழுந்த வழக்கு

இம்முயற்சிகளின் அடியில் கோட்பாட்டுச் சிக்கலொன்று கிடந்தது. விலங்கைத் தெரிந்தெடுப்பது எந்நிலத்தில் நிகழவேண்டும்? கேம்பிரிட்ஜ் அறிஞர் ஜான் ஹாமண்டு 1947ஆம் ஆண்டில், நல்லுணவும் நல்வாழ்வும் வாய்ந்த சூழலில் தெரிந்தெடுத்தலே தக்கது என்றார். அச்சூழலிலேயே விலங்கின் முழு ஆற்றல் வெளிப்படும் என்பது அவர் கருத்து. எடின்பரோ அறிஞர் ஃபால்கனர் 1952ஆம் ஆண்டில் இதனை மறுத்தார். நற்சூழலில் வளர்தலும் வன்சூழலில் வளர்தலும் ஒரே இயல்பு அல்ல. ஓரளவே தொடர்புடைய இருவேறு இயல்புகளாக அவற்றைக் கொள்ளவேண்டும் என்றார்.

ஃபால்கனரும் லத்திசெவ்ஸ்கியும் சுண்டெலிகளைக் கொண்டு இதனைச் சோதித்தனர். ஒரு கூட்டத்தை நிறைந்த உணவிலும் மற்றொன்றைக் குறைந்த உணவிலும் வைத்து, ஒவ்வொன்றிலும் பெரியவற்றைத் தெரிந்தெடுத்து வந்தனர். குறைந்த உணவில் தெரிந்தெடுக்கப்பட்ட கூட்டம் நிறைந்த உணவிலும் நன்கு வளர்ந்தது. நிறைந்த உணவில் தெரிந்தெடுக்கப்பட்ட கூட்டமோ குறைந்த உணவில் சிறக்கவில்லை.

சுண்டெலிக்குப் பொருந்துவது மாட்டிற்கும் பொருந்துமா? 1960களில் அமெரிக்காவில் இது சோதிக்கப்பட்டது. குளிர்மிக்க மொன்டானா மாநிலத்து மைல்ஸ் சிட்டியிலும் வெம்மைமிக்க ஃபுளோரிடா மாநிலத்துப் புரூக்ஸ்வில்லிலும் ஹெர்ஃபோர்ட் மந்தைகள் தனித்தனியே வளர்ந்துவந்தன. இரண்டும் ஒரே இனம். வெளித்தோற்றத்தில் வேறுபாடு சிறிதே. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பகுதியை மற்றொன்றின் நிலத்திற்கு மாற்றி, பல்லாண்டு நோக்கினர். மொன்டானாவில் மொன்டானாக் கால்வழியும், ஃபுளோரிடாவில் ஃபுளோரிடாக் கால்வழியும் சிறந்தன. இனத்தின் பெயர் ஒன்றாயினும் நிலம் தன் முத்திரையைப் பதித்தே இருந்தது.

இவ்வாய்வோடு இயைந்த செய்தி ஒன்று பின்னர் நிகழ்ந்தது. மாட்டின் மரபணுத் தொகுதி முழுவதும் முதன்முதலாக 2009ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. அதற்கு அடிப்படையாகக் கொள்ளப்பட்ட பசு 'டோமினெட்' என்னும் ஹெர்ஃபோர்ட். ஃபுளோரிடாவில் தளர்ந்த அதே மைல்ஸ் சிட்டிக் கால்வழியைச் சார்ந்தது. உலக மாடுகள் அனைத்தையும் அளத்தற்கு மீண்டும் குளிர்நிலத்து விலங்கொன்றே கோலாயிற்று. அதனைச் சார்ந்து அமைந்த முதற் சோதனைக் கருவிகள் திமில் இனத்தின் வேறுபாடுகளைக் குறைவாகவே காட்டின. பின்னர் நெலோரே காளையின் மரபணுத் தொகுதியும் படிக்கப்பட்டு இக்குறை ஓரளவு நீங்கியது. ஸ்மித்ஃபீல்டு காலத்து வழு புதிய உருவில் எழுந்து, புதிய முறையில் திருந்தியது எனலாம்.

இற்றைநாள் நிலை

இன்று இச்சிக்கலைத் தீர்க்கும் முயற்சி மூன்று முனைகளில் நடைபெறுகின்றது. தெரிந்தெடுத்தல் ஒன்று. திமில் இனத்திற்குள்ளேயே இறைச்சியின் மென்மை விலங்கிற்கு விலங்கு வேறுபடுவதும், அவ்வேறுபாடு ஓரளவு மரபுவழி வருவதும் ஆஸ்திரேலிய ஆய்வுகளால் தெரியவந்தன. எனவே, நிலத்திற்கேற்ற இனத்தைக் கைவிடாமலே அதனுள் மென்மையுடைய கால்வழியை வளர்த்தல் கூடும். கலத்தல் மற்றொன்று. பிரேசிலில் நெலோரேப் பசுக்களுக்கு ஆங்கஸ் காளையின் விந்தைச் செயற்கை முறையில் செலுத்திக் கலப்புக் கன்றுகளைப் பெறுகின்றனர். தாய் நிலத்திற்கு ஏற்றது. கன்று சந்தைக்கு ஏற்றது. குறுமயிர் தந்து வெப்பத்தைத் தணிக்கும் மரபணு மாற்றம் ஒன்று கரிபியத் தீவுகளின் செனபோல் இனத்தில் 2014ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டமையும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. அவ்வோர் இயல்பை மட்டும் பிற இனங்களுக்குக் கொண்டு செல்ல இதனால் வழி பிறந்துள்ளது.

மூன்றாவது முனை கொலைக்களமும் குளிரறையும். 1990களின் இறுதியில் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய தரப்படுத்தும் முறை, உண்போர் ஆயிரக்கணக்கானோரின் சுவைத் தீர்ப்பை அடிப்படையாகக் கொண்டது. அம்முறையில் கொன்ற உடலின் திமில் உயரத்தையும் அளக்கின்றனர். திமில் உயர உயர, மென்மை குறையும் என்று கணிக்கின்றனர். ஆனால் அவ்வளவில் நில்லாது, உடலை இடுப்பெலும்பில் தொங்கவிட்டுத் தசையை நீட்டுதல், மின்னோட்டம் செலுத்துதல், நாள்கள் பல வைத்திருத்தல் ஆகியவற்றால் அக்குறை எவ்வளவு நீங்குகின்றது என்பதையும் சேர்த்துக் கணக்கிடுகின்றனர். வெறும் இனப்பெயரைக் கொண்டு இகழ்தலும் புகழ்தலும் இம்முறையில் இல்லை.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படுவன: இறைச்சியின் தரத்திற்குரிய அளவுகோல் குளிர்நிலத்தில் தோன்றியது. அவ்வளவுகோலைச் சுமந்து வெப்பநிலம் புகுந்த இனங்கள் தம் தரத்தை அங்கே காட்ட இயலவில்லை. நிலத்திற்கேற்ற இந்தியத் திமில் இனம் உயிர்வாழ்வுக்கு வழி தந்தது; இறைச்சியின் மென்மையில் குறைவுபட்டது. இவ்விரண்டையும் இணைக்க முயன்றோருள், தாம் வாழ்ந்த நிலத்திலேயே அளந்து தெரிந்தெடுத்தோரே நிலைத்த பயன் கண்டனர். முதற்பொருளை முதலில் வைத்து, அதன்பின் கருப்பொருளை வைத்த நெறி இத்துறையிலும் பொருந்துதல் காண்கின்றோம்.

இறுதியாக ஒன்று. உலகின் வெப்பநிலங்களெல்லாம் பயன்கொள்ளும் ஆற்றலை உருவாக்கியவர் பதிவேடும் பரிசும் அறியாத இந்திய உழவரும் இடையரும். காமெட்டின் விலையும் மங்கியின் கால்வழியும் நூல்களில் உள. ஓங்கோல் மாட்டை உருவாக்கியோர் பெயர் எந்நூலிலும் இல்லை. அவ்விலங்கின் தோலிலும் குருதியிலுமே அவர் உழைப்பு எழுதப்பட்டுள்ளது. உழவு இயந்திரம் பரவியபின் தாய்நிலத்தில் அவ்வினம் அருகிவர, கடல்கடந்த நிலத்தில் அதன் வழித்தோன்றல்கள் கோடிக்கணக்கில் மேய்கின்றன. உலகின் வெம்மை மிகும் இக்காலத்தில் அத்தகைய இயல்புகளின் தேவை மேலும் வளரும். ஒரு நிலத்தின் இனம் அந்நிலத்திலேயே வாழ்ந்தால்தான் அந்நிலம் கற்பிக்கும் பாடத்தை அது தொடர்ந்து கற்கும். அயல்நாட்டு மந்தையும் குளிர்பேழையில் வைத்த விந்தும் அப்பாடத்தின் பழைய படியே ஆகும். ஆகவே நாட்டு இனங்களை அவற்றின் நிலத்திலேயே பேணுதல் பழமைப் பற்றால் செய்யும் செயலன்று. வருங்காலத்திற்கு வேண்டும் வித்தைக் காக்கும் செயலாகும். அவ்வினங்களை வளர்த்தோரின் வாய்மொழி அறிவையும் மாட்டுவகைச் சொற்களையும் தொகுத்தல், நிலத்தையும் கருப்பொருளையும் பிரியாது கற்கும் தமிழாய்வாளர்க்கும் உரிய கடமை எனக் கருதுகின்றோம்.